கவரைப் பிரிக்காத மெத்தை

"எப்படி இருக்கு?" என்று ராஜபாண்டியனிடம் அன்று காலையில் மட்டும் ஏழு பேர் கேட்டார்கள்.

மெத்தையைத் தலையில் சுமந்துவந்த வெள்ளைத்துரை கேட்டார். அதை விற்ற கடைக்காரர் அலி அக்பர் கேட்டார். மனைவி பொன்னுத்தங்கம் கேட்டாள். கல்லூரிக்குக் கிளம்பி நின்ற மகள் பிரீத்திகா கேட்டாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு வள்ளித்தாய் கேட்டாள். வெள்ளைத்துரையோடு வந்த மற்ற இரண்டு லோடுமேன்களும் கேட்டார்கள். ஏழு பேருக்கும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"சொகமா இருக்கு."

அது பொய் இல்லை. தலைக்கும் கழுத்துக்கும் தோள்பட்டைக்கும் அந்த மெத்தை சுகமாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான்கு வருடங்களாக, மார்புக்குக் கீழே அவருக்கு எதுவும் தெரிவதில்லை. கொசு கடித்தாலும் தெரியாது, கொதிக்கிற டீ சிந்தினாலும் தெரியாது. கால்கள் சில நேரம் தாமாகத் துள்ளும். அதையும் போர்வை அசைவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

நாரணாபுரத்தில் ராஜபாண்டியனைத் தெரியாதவர்கள் குறைவு. இருபது வருடம் பட்டாசு கம்பெனிகளுக்கு லோடு ஏற்றியவர். லாரியில் பெட்டி அடுக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று கூட வேலை பார்த்த லோடுமேன் செட்டில் சொல்வார்கள். எந்தப் பெட்டி அடியில் போக வேண்டும், எது மேலே வர வேண்டும், வண்டி மேடு பள்ளத்தில் ஆடினால் எந்த வரிசை சாயும் என்றெல்லாம் கண்ணாலேயே அளந்துவிடுவார். நான்கு வருடத்துக்கு முன்பு, தீபாவளி சீசனில், வடக்கே போகிற லாரி ஒன்றின் உச்சியில் நின்று தார்ப்பாய்க்குக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். கீழே கட்டியிருந்த முடிச்சு நழுவியது. மல்லாக்க விழுந்தார். லோடு ஏற்றுகிற மேடையின் சிமெண்டு விளிம்பில் முதுகு பட்டது. எழுந்து நிற்கலாம் என்று நினைத்தபோது கால்கள் இருப்பதே தெரியவில்லை. அன்றிலிருந்து இந்தக் கட்டில்தான்.

அந்த வீட்டில் நேரம் என்பது இரண்டு மணி நேரக் கணக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வலப்பக்கம், மல்லாக்க, இடப்பக்கம், மறுபடி மல்லாக்க. பொன்னுத்தங்கத்தின் செல்போனில் அதற்கு மணி வைத்திருக்கிறாள். புரட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று இரண்டாவது வருடத்தில் பார்த்துவிட்டார்கள். பின்னிடுப்பில் வந்த படுக்கைப்புண் ஆற எட்டு மாதம் ஆனது. நடுவில் காய்ச்சல் வந்து, மதுரை பெரியாஸ்பத்திரியில் இருபத்தேழு நாள் கிடந்தார். மறுபடி புண் வந்தால் இவர் உடம்பு தாங்காது என்று அங்கே சொல்லித்தான் அனுப்பினார்கள்.

அங்கிருந்து வரும்போது மோட்டார் வைத்த காற்று மெத்தை ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். அதன் அறைகள் மாறி மாறி ஊதும், வடியும். ஒன்றரை வருடம் ஓடியது. பிறகு ஓர் அறை கிழிந்தது. வெள்ளைத்துரை சைக்கிள் கடையில் கொண்டுபோய் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். அடுத்து இன்னொன்று கிழிந்தது.

"ஏ பொன்னுத்தங்கம், ஒம் புருசனுக்கு இருக்கதவிட இதுக்குத்தான் ஒட்டு அதிகமா இருக்கு," என்றார் வெள்ளைத்துரை.

"நீரு போடுற ஒட்டுதான் நிக்க மாட்டேங்குதே அண்ணே," என்றாள் அவள்.

அப்போதுதான் லோடுமேன் செட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு மெத்தை வாங்கித் தருவது என்று முடிவு செய்தார்கள். பதினான்கு பேர். சாதாரண மெத்தை வேண்டாம், இருப்பதிலேயே நல்லதாகப் பார்க்கலாம் என்று சிவகாசியில் அலி அக்பர் கடைக்குப் போனார்கள். சீசன் இல்லாத மாதங்களில் அந்தக் கடைக்கு வருகிற மெத்தை லோடை ராஜபாண்டியன்தான் இறக்குவார். அவருக்கென்று சொன்னதும் அலி அக்பர் மேலே இருந்து ஒரு மெத்தையை இறக்கச் சொன்னார். ஹைப்ரிட் மெத்தை என்று அதற்குப் பெயர். குட்டியானை வண்டியில் ஏற்றி, அவரும் கூடவே ஏறி வந்துவிட்டார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட ஒரு வெட்டுத் துண்டையும் கொண்டுவந்திருந்தார். அதைக் கட்டில் ஓரத்தில் வைத்து விரலால் அமுக்கிக் காட்டினார்.

"பாரு பாண்டி. கீழ ஸ்பிரிங், மேல ஃபோம். பழைய ஸ்பிரிங் மெத்தை மாதிரி ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்காது. ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப் பையில இருக்கும். ஒண்ணு அமுங்குனா பக்கத்துல இருக்கதுக்குத் தெரியவே தெரியாது."

"அப்ப நம்ம செட்டு மாதிரின்னு சொல்லுங்க பாய்," என்றார் வெள்ளைத்துரை. "ஒருத்தன் லோடு தூக்குனா பக்கத்துல இருக்கவனுக்குத் தெரியவே தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். ராஜபாண்டியனும் சிரித்தார். வீட்டில் இத்தனை ஆண்கள் ஒன்றாக நின்று வெகுநாள் ஆகியிருந்தது.

"இடுப்புக்குக் கீழ கையை விட்டுப் பாக்கணும்," என்று அலி அக்பர் பொன்னுத்தங்கத்துக்குச் சொன்னார். "கை தாராளமாப் போயிட்டு வந்தா மெத்தை கல்லு. கை நுழையவே இல்லன்னா குழைவு ஜாஸ்தி. கொஞ்சம் இறுக்கமா நுழையணும். அதுதான் சரியான தாங்கு."

அவள் கணவனின் இடுப்புக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தாள். இறுக்கமாக நுழைந்தது. அவள் முகம் தெளிந்ததை ராஜபாண்டியன் பார்த்தார்.

"இதுல படுத்தா புரண்டு புரண்டு படுக்கவே வேண்டாம்மா. ஒரே படுக்கையில காலை வரைக்கும் தூங்கலாம்," என்றார் அலி அக்பர். வாடிக்கையாளர் எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான். "அஞ்சு நாள் படுத்துப் பாருங்க. சரியில்லன்னு தோணுச்சுன்னா அழுக்குப் படாம குடுத்துருங்க. நான் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிட்டு வேற மாத்தித் தாரேன்."

அவர்கள் போனதும் பிரீத்திகா மெத்தையின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கக் கத்திரிக்கோலை எடுத்தாள்.

"ஏய், கவரைப் பிரிக்காதே," என்றார் ராஜபாண்டியன்.

"பிரிக்காம எப்படிப்பா படுக்கிறது?"

"மேல ஒரு சேலையை விரிச்சுரு. பிரிச்ச சரக்கை எந்தக் கம்பெனிக்காரன் திரும்ப எடுப்பான்? இருபது வருசம் பாத்திருக்கேன். பெட்டியில ஒட்டியிருக்க டேப் ஒரு விரல் அளவுக்குப் பிரிஞ்சிருந்தாலும் இறக்க மாட்டேன்னுருவான். அப்புறம் பாய்தான் கைக்காசு போட்டு ஈடு கட்டணும்."

அலி அக்பர் கவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லைதான். ஆனால் அழுக்குப் படாமல் என்று சொன்னார் அல்லவா, அதற்கு அர்த்தம் இதுதான் என்று அவருக்குச் சந்தேகமே இல்லாமல் தோன்றியது. பொன்னுத்தங்கத்துக்கும் அது நியாயமாகப் பட்டது. வீட்டில் டிவி ரிமோட்டுக்குக்கூட இன்னும் கவர் இருந்தது. மொடமொடவென்று சத்தம் போட்ட பிளாஸ்டிக்கின் மேல் நூல் சேலை ஒன்றை இரண்டாக மடித்து விரித்தாள்.

அந்த ஐந்து நாள் சும்மா வந்த ஐந்து நாள் அல்ல. அடுத்த திங்கட்கிழமை பொன்னுத்தங்கம் வேலைக்குப் போக வேண்டும். முன்பு அவள் வேலை பார்த்த பட்டாசு கம்பெனியில் சீசனுக்கு ஆள் எடுக்கிறார்கள். அவளுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலை ஏழரைக்கு வேன் வரும், மாலை ஐந்து மணிக்குக் கொண்டுவந்து விடும். இப்போது அவள் வீட்டில் உட்கார்ந்து காலண்டர் அட்டைகளுக்கு வளையம் மாட்டுகிறாள். அந்த வரும்படியில் பிரீத்திகாவை இரண்டாம் வருடம் கல்லூரிக்கு அனுப்ப முடியாது. பிரீத்திகா படிப்பை விட்டுவிட்டு அச்சாபீசுக்குப் போகிறேன் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

பகலில் புரட்டிவிட ஆள் வேண்டும். வள்ளித்தாய் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை வந்து புரட்டி, சோறும் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். அவளால் அதற்கு மேல் முடியாது, அவளும் பிழைப்பைப் பார்க்க வேண்டும். ஆக, இரண்டு மணி நேரம் என்பது ஐந்து மணி நேரமாக வேண்டும். மெத்தை நல்ல மெத்தை என்றால் அது நடக்கும் என்று பொன்னுத்தங்கம் நினைத்தாள். நடக்க வேண்டும் என்று ராஜபாண்டியன் நினைத்தார்.

புதன்கிழமை வழக்கம்போல இரண்டு மணி. வியாழக்கிழமை மூன்று. அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்ப்பது என்று முடிவானது. ஒவ்வொரு முறை புரட்டும்போதும் பொன்னுத்தங்கம் செல்போன் வெளிச்சத்தை அடித்து முதுகைப் பார்ப்பாள். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் சுமைரா அதைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். சிவந்த இடத்தை விரலால் அமுக்க வேண்டும். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் உடனே கூப்பிட வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் குளிப்பாட்டுவதற்காக அவரைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்தார்கள். பொன்னுத்தங்கம் சேலையை மாற்றி விரித்துவிட்டு, "நானும் ஒரு வாட்டி படுத்துப் பாக்கேன்," என்று மெத்தையில் சாய்ந்தாள். காலை நீட்டினாள். கையை இடுப்புக்குக் கீழே விட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, நெசமாவே இடுப்பு வலி தெரியல," என்றாள்.

"வயசுப் பிள்ள மாதிரி படுத்திருக்க."

"இந்தப் பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல," என்றவள் அடுத்த வார்த்தை சொல்லவில்லை. தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்து, குறட்டை வந்தது.

ராஜபாண்டியன் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தரையில்தான் படுப்பாள், கட்டிலுக்குக் கீழே, பாயில். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து, அவரைவிடக் கனம் குறைந்த உடம்பை வைத்துக்கொண்டு அவரைப் புரட்டுவாள். நான்கு வருடமாக அவள் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. குளிக்காத உடம்பில் வேர்வை நசநசத்தது. உட்கார்ந்தே இருப்பதும் நல்லதில்லை என்று அவருக்குத் தெரியும். எழுப்ப மனம் வரவில்லை. காலண்டர் அட்டைக் கட்டு சரிந்து விழுந்த சத்தத்தில் அவளே திடுக்கிட்டு எழுந்தாள்.

"எழுப்பியிருக்கலாமில்ல?"

"மெத்தை எப்படி இருக்குன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றார்.

அன்று மூன்று மணி நேரம் கழித்துப் புரட்டிப் பார்த்தபோது முதுகு சுத்தமாக இருந்தது. வெள்ளிக்கிழமை நான்கு மணி நேரம். லேசாகச் சிவந்திருந்தது. அமுக்கினாள், வெளுத்தது. "நல்ல மெத்தைதான்," என்றாள். சாயங்காலம் வெள்ளைத்துரை எட்டிப் பார்த்தார்.

"ஏலே பாண்டி, செட்டுல எல்லாரும் கேக்கானுக. என்ன சொல்ல?"

"மகாராசா மாதிரி படுத்திருக்கேன்னு சொல்லு."

"அப்ப ஊருக்கு வரி போட்டுருவியோ? பாத்துலே, நாங்க பதினாலு பேரும் சேந்துதான் சிம்மாசனம் செஞ்சு தந்திருக்கோம்."

பதினான்கு பேர். அவர்களில் நான்கு பேருக்குத் தோள்பட்டை போய்விட்டது. ஒருவருக்கு வீட்டில் கட்டிலே கிடையாது. அவர்களிடம் போய் இந்த மெத்தை சரியில்லை என்று எப்படிச் சொல்வது? சரியில்லை என்று சொல்ல அவருக்குக் காரணமும் இல்லை. தோளுக்குச் சுகமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை ஐந்து மணி நேரம். அன்றுதான் முழு ஒத்திகை. பொன்னுத்தங்கம் வீட்டில் இருந்தாலும் கம்பெனியில் இருப்பதாக நினைத்துக்கொள்வது என்று பேச்சு. ஏழு மணிக்கு மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு அவள் முன்பக்கம் போய் அட்டைகளோடு உட்கார்ந்துகொண்டாள். வெளியே வெயில் ஏறியது. நாரணாபுரத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மின்விசிறி சூட்டையே சுற்றிச் சுற்றி அடித்தது.

பத்து மணி வாக்கில் ராஜபாண்டியனுக்கு நெற்றியில் வேர்த்தது. முகம் மட்டும் கொதித்தது. பிடரியில் மயிர் சிலிர்த்தது. தலை விண்விண்ணென்று தெறித்தது. போர்வைக்குள் கால்கள் துள்ளின. ஸ்பிரிங் மெத்தை ஆனதால் துள்ளல் நின்ற பிறகும் மெல்ல ஆடியது.

இது என்ன என்று அவருக்குத் தெரியும். சுமைரா பலமுறை சொல்லியிருக்கிறாள். "அண்ணே, கீழ ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்கு வலிக்காது. ஆனா ஒடம்பு சும்மா இருக்காது. மேல வேர்க்கும், தலை வலிக்கும், கால் துள்ளும். வலிக்குப் பதிலா அதுதான் உங்களுக்கு. வந்துச்சுன்னா சும்மா படுத்திருக்காதீக, கூப்பிடுங்க."

கூப்பிடலாம். பொன்னுத்தங்கம் பத்தடி தூரத்தில் இருந்தாள். வளையம் மாட்டுகிற டிக், டிக் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் மூன்று மணி நேரத்திலேயே ஒத்திகை முடிந்துவிடும். வெயில்தானே, பிளாஸ்டிக்கின் மேல் படுத்தால் யாருக்கும் வேர்க்கத்தானே செய்யும் என்று நினைத்தார். மூத்திரம் அடைத்தாலும் இப்படி வரும் என்பதால் மூத்திரப் பையைப் பார்த்தார். நிறையவில்லை, குழாய் மடங்கவில்லை. அப்படியானால் வெயில்தான். இன்னும் இரண்டு மணி நேரம்தான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏங்க, எப்படி இருக்கு?" முன்பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"சொகமா இருக்கு. நீ கம்பெனியிலல்ல இருக்க? அங்கன இருந்து இம்புட்டு சத்தமா கத்துனா மேனேஜர் வைவாரு."

அவள் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்புக்காக அவர் இன்னும் இரண்டு மணி நேரம் படுத்திருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு அவள் வந்து புரட்டினாள். வழக்கமாக எளிதில் புரளுகிற உடம்பு ஒட்டிக்கொண்டு வந்தது. சேலை எப்போதோ சுருண்டு ஓரத்துக்குப் போய்விட்டிருந்தது. வெறும் முதுகு பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருந்தது. வேர்வை வெளியேற வழியில்லாமல் குளமாகத் தேங்கியிருந்தது. அவள் செல்போன் வெளிச்சத்தை அடித்தாள். குனிந்து பார்த்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. லேசா செவந்திருக்கு."

"அமுக்கிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"வெளுத்துச்சா?"

அவள் பிரீத்திகாவைக் கூப்பிட்டாள். பிரீத்திகா வந்து பார்த்துவிட்டு, வெளியே போய் சுமைராவுக்குப் போன் போட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் உடைவது அவருக்குக் கேட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சுமைராவுக்கு விடுமுறை. ஆனாலும் தம்பி அஷ்ஃபாக்கின் பைக்கில் வந்து இறங்கினாள். உள்ளே வந்ததும் முதுகைப் பார்ப்பதற்கு முன்பே அவள் கண் மெத்தையில் பட்டது.

"எதுக்குண்ணே கவரோட படுத்திருக்கீக?"

"திருப்பிக் குடுக்கணும்னா..." என்று ஆரம்பித்தார் ராஜபாண்டியன்.

சுமைரா அவரைப் பக்கவாட்டில் திருப்பினாள். கையுறை மாட்டிக்கொண்டு பார்த்தாள், தொட்டாள், மோந்து பார்த்தாள். ராஜபாண்டியன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"எனக்குக் காட்டும்மா," என்றார்.

"வேண்டாம்ணே."

"என் முதுகுதானே. காட்டு."

அவள் செல்போனில் ஒரு படம் எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். பின்னிடுப்பின் நடுவில், பழைய புண் ஆறிய தழும்பின் மேலேயே, தரைச்சக்கரம் அளவுக்கு ஒரு வட்டம். ஓரம் சிவப்பு, நடுவில் கரு ஊதா. ஒரு பக்கம் தோல் ஈரத்தாள் மாதிரி உரிந்திருந்தது.

லாரியில் இதைப் பார்த்திருக்கிறார். வெளிவரிசை சுவர் மாதிரி நேராக இருக்கும். மேலே நின்று பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. வண்டி போய்ச் சேர்ந்து, ஒவ்வொன்றாக இறக்கி, கடைசியில் நடு அடிப்பெட்டியைத் தொடும்போதுதான் அது எப்போதோ நசுங்கிவிட்டது தெரியும். நசுங்குகிறபோது பெட்டி சத்தம் போடாது. யார் அடுக்கினார்கள் என்று அப்போது கேட்பார்கள்.

"மெத்தையில குத்தமா சுமைரா?" என்று பொன்னுத்தங்கம் கேட்டாள்.

சுமைரா மெத்தையை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தாள். "நல்ல மெத்தைக்கா. இடுப்பு வலிக்காரவுகளுக்கு நல்லாத் தாங்கும். ஆனா இது தானாப் புரளுறவுக படுக்கிற மெத்தை. தூக்கத்துல நமக்கு ஒரு எடம் லேசா மரத்துச்சுன்னா நம்மளை அறியாமலே திரும்பிருவோம். அண்ணனுக்கு அது இல்ல. எந்த மெத்தையா இருந்தாலும் ரெண்டு மணிக்கு ஒருவாட்டி புரட்டித்தான் ஆகணும். ஆஸ்பத்திரியில குடுத்தாகளே அந்தக் காத்து மெத்தை மாதிரி, இல்லன்னா அதைவிட நல்லது வேணும். இதுல கவர் வேற. வேர்வையில தோல் ஊறி, ஊறுன தோல் இழுபட்டு..."

"அஞ்சு மணி நேரம் விட்டேன்," என்றாள் பொன்னுத்தங்கம். "நான்தான் விட்டேன். வாய்க்கு வாய் எப்படி இருக்குன்னு கேட்டேன் சுமைரா. சொகமா இருக்குன்னுதான் சொன்னாக."

சுமைரா ராஜபாண்டியனைப் பார்த்தாள். "நேத்து வேர்த்துச்சாண்ணே? தலை வலிச்சுச்சா?"

அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெயிலுன்னு நெனச்சேன்," என்றார்.

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. சுமைரா மருந்து வைத்துக் கட்டினாள். மல்லாக்கப் படுக்கவே கூடாது, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித்தான் என்றாள். காய்ச்சல் அடித்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றாள். புதுக் காற்று மெத்தைக்கு எழுதிப் போடுகிறேன், முன்னால் ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றாள். கிளம்பும்போது, "இந்த மெத்தையில நீங்க படுங்கக்கா," என்று பொன்னுத்தங்கத்திடம் சொன்னாள்.

சாயங்காலம் வெள்ளைத்துரை வந்து பழைய காற்று மெத்தைக்கு மூன்றாவது ஒட்டுப் போட்டார். கேலி எதுவும் பேசவில்லை. ஐந்தாவது நாள் என்பதால் அலி அக்பரும் வந்திருந்தார். கட்டிலில் இருந்து இறக்கிச் சுவரோரம் நிறுத்தியிருந்த மெத்தையைப் பார்த்தார். வேர்வைக் கறை படிந்த பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் கவரோட படுக்கச் சொல்லலையே பாண்டி," என்றார். குரலில் கோபம் இல்லை. "மேல துணி விரிச்சு அழுக்குப் படாமன்னுதானே சொன்னேன். கவரைப் பிரிக்காம யாரு மெத்தையில படுப்பா?"

"பிரிச்ச சரக்கு திரும்பப் போகாதுன்னு நெனச்சேன் பாய்."

அலி அக்பர் பிளாஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தார். "நான் தெளிவாச் சொல்லியிருக்கணும்," என்றார். "புரள வேண்டாம்னு வேற சொன்னேன். எல்லார்ட்டயும் சொல்றதுதான். உன்கிட்டச் சொல்றோம்னு எனக்கு உறைக்கல பாரு." மெத்தையைத் திரும்ப எடுக்கிறேன் என்றோ முடியாது என்றோ அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கத்திரிக்கோலை வாங்கி, பிளாஸ்டிக் உறையை நீளவாக்கில் வெட்டி உரித்து, சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் கம்பெனி வேன் வந்தது. தெருமுனையில் நின்று ஹார்ன் அடித்தது. பொன்னுத்தங்கம் போய்ச் சொல்லவில்லை. அவள் அப்போது ராஜபாண்டியனை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் விட முடியாது. இரண்டாவது முறையும் ஹார்ன் அடித்தது. வள்ளித்தாய் வெளியே போய் யாரிடமோ ஏதோ சொன்னாள். வேன் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. முன்அறையில் பிரீத்திகா கல்லூரிப் பையை எடுத்தாள், பிறகு கீழே வைத்தாள். அவளும் போகவில்லை.

ஒட்டுப் போட்ட மெத்தையின் மோட்டார் கொர்ரென்று இரைந்துகொண்டிருந்தது. புது மெத்தை சுவரோரம் தரையில் கிடந்தது. கட்டிலில் இருந்து இறக்கியதிலிருந்து அதில் யாரும் உட்காரவில்லை. இரவில் பொன்னுத்தங்கம் தன் பாயைத்தான் விரித்துக்கொண்டாள்.

அவள் தலையணையை அவர் முழங்கால்களுக்கு நடுவில் செருகினாள். முதுகுப் பக்கம் கட்டுத் துணியைச் சரிபார்த்தாள். நெற்றியில் கை வைத்தாள். சூடு இருக்கிறதா, தன் கையே சூடாக இருக்கிறதா என்று தெரியாமல் மறுபடி வைத்துப் பார்த்தாள். பிறகு, நான்கு வருடப் பழக்கத்தில், யோசிக்காமல் கேட்டாள்.

"எப்படி இருக்கு?"

சுகமாக இருக்கிறது என்ற வார்த்தை அவர் வாய் வரைக்கும் வந்தது. அவள் காத்திருந்தாள்.

"தெரியல, தங்கம்," என்றார். "எனக்கு ஒண்ணுமே தெரியல."

அவள் தலையசைத்தாள். அவருடைய இடுப்புக்குக் கீழே கையை விட்டு, காற்று நிற்கிறதா என்று அமுக்கிப் பார்த்தாள். பிறகு செல்போனை எடுத்து, ஒன்பதரைக்கு மணி வைத்தாள்.